அப்பாவின் பார்க்கின்சன் மாத்திரையை ஜெனரிக்குக்கு மாற்றியதும் குமட்டலும் நடுக்கமும் கூடிவிட்டது, மாத்திரையில் கோளாறா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது, நாற்பது வருஷம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்த மனிதர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பற்றவைக்கும்போது வலது கை ஆடுகிறது என்று அவரே சொன்னார், நாங்கள்தான் வயசு ஆகிறது, கண்ணாடியை மாற்றுங்கள் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டோம். அப்புறம் கை வீசி நடப்பது நின்றுபோய், கையெழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி சின்னதாகி, ஐந்து ரோடு பக்கம் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் அப்பா உள்ளே நடந்து வந்ததைப் பார்த்ததுமே பார்க்கின்சன் என்றுவிட்டார்.

அன்றிலிருந்து சின்டோபா பிளஸ், இப்போது நாளைக்கு நான்கு வேளை: காலை 6, 11, மாலை 4, இரவு 9. கூடவே ரசாஜிலின் ஒன்று, பிரமிபெக்ஸோல் மூன்று வேளை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பட்டறை வேலை முடியாது, ஆனால் கடைவீதி வரைக்கும் தனியாகப் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வருவார், அந்த அளவுக்கு.

போன மாதம் எனக்கு வேலையில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர், மலிவு விலை மருந்துக்கடை ஒன்று இருக்கிறது, அதே மருந்துதான் என்று சொன்னார். மூன்று மாத்திரைகளையும் அங்கேயே வாங்கினேன், பில்லைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. கடையில் இருந்த பையனும் "எல்லாம் அதே கன்டென்ட்தான் சார், பேர்தான் வேற" என்றான்.

பத்து நாள்தான். காலை 6 மணி மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில் குமட்டல், இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டு நாள் வாந்தியே வந்துவிட்டது. முன்பெல்லாம் 11 மணி மாத்திரை வரைக்கும் தாங்கும், இப்போது ஒன்பதரைக்கே கை ஆடத் தொடங்கிவிடுகிறது. நேற்று கழிவறை வாசற்படியில் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டார், நானும் அம்மாவும் பிடித்துத்தான் உள்ளே கொண்டு போனோம். அவர் தீர்ப்பு ஒரே வரிதான்: "இது டூப்ளிகேட்டுடா." அம்மா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் பார்க்கிற பார்வையில் காசு மிச்சம் பிடித்தவன் நான்தான் என்பது தெரிகிறது.

டாக்டரிடம் அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான். என் கேள்வி, மற்ற வியாதிக்கு ஜெனரிக் சரி, பார்க்கின்சனுக்கு மட்டும் பிராண்டுதான் வாங்க வேண்டுமா? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? பழையதற்கே திரும்பிவிடலாமா?

குகைப்பையன்:

அண்ணா, இதில் கேள்வியே இல்லை. மல்கோவா ஒரு விலை, நாட்டு மாங்காய் ஒரு விலை. இரண்டும் மாங்காய்தான் என்று கடைக்காரன் சொன்னால் நாம் நம்பிவிடுவதா? இந்த மாதிரி மலிவு மாத்திரையில் பாதி சுண்ணாம்புதான் இருக்கும். தூக்கிப் போட்டுவிட்டு பழையதையே வாங்குங்கள். எங்கள் மாமாவுக்கும் பிரஷர் மாத்திரையில் இதே கதை.

பழைய மருந்தாளுநர்:

குகைத் தம்பி கோபத்தில் சொல்வது புரிகிறது, ஆனால் மாங்காய்க் கணக்கு இங்கே உதவாது. சேலத்தில் 27 வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவன் நான், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான்.

முதலில் ஒன்று. செவ்வாய்ப்பேட்டைத் தம்பி, எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சின்டோபாவில் இருக்கிற முக்கிய மருந்தான லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டை மாதிரி விறைப்பது, நினைவு தடுமாறுவது என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகலாம். குமட்டுகிறது, நாளைக்கு வேண்டாம் என்று ஒரு வேளைகூட விட வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் பிராண்டு என்று நினைக்கிற மாத்திரையே ஒரு வகையில் ஜெனரிக்தான். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை முதலில் கொண்டுவந்தது அமெரிக்காவில் சினிமெட் என்ற பெயரில், 1975இல் அங்கே அனுமதி கிடைத்தது. காப்புரிமை எல்லாம் எப்போதோ போய்விட்டது. நம் ஊரில் சின்டோபா, டைடோமெட் என்று வருவதெல்லாம் அதே சரக்கை நம் ஊர்க் கம்பெனிகள் தயாரித்துத் தங்கள் பெயரை வைத்தவை. மலிவுக் கடையில் கிடைப்பது பெயர் வைக்காதது, அவ்வளவுதான். சேலத்தில் யாரும் மூலப் பிராண்டைச் சாப்பிடவில்லை. ஆகவே பிராண்டா ஜெனரிக்கா என்று கேட்பதை விட, அந்த அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

இந்த மாத்திரையில்தான் மருந்துக்கடைக்காரர்களே தடுக்கி விழுவார்கள். இதில் இரண்டு மருந்து. லெவோடோபா மூளைக்குள் போய், இந்த நோயில் குறைந்துபோகிற டோபமின் என்ற பொருளாக மாறுகிறது. ஆனால் தனியாகக் கொடுத்தால் வழியில், குடலிலும் ரத்தத்திலுமே பெரும்பகுதி டோபமினாக மாறிவிடும், மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம், வயிற்றைப் புரட்டுவது நிறைய. அந்த வழிப்பறியைத் தடுக்கத்தான் கார்பிடோபா. அது மூளைக்குள் போகாது, வெளியில் மட்டும் காவல் காக்கும். அந்தக் காவலுக்குப் பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு மொத்தமாக 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். அதற்குக் குறைந்தால் குமட்டல், வாந்தி அதிகம்.

இப்போது பெயர் வைக்கிற கூத்தைப் பாருங்கள். 110 என்றால் 100 லெவோடோபா, 10 கார்பிடோபா. 125 என்றால் 100ம் 25ம். 275 என்றால் 250ம் 25ம். சில டாக்டர்கள் 100/25 என்று எழுதுவார்கள், வெளிநாட்டில் படித்தவர்கள் 25/100 என்று திருப்பி எழுதுவார்கள். மெதுவாகக் கரையும் சி.ஆர். வகையில் 250 என்றால் 200ம் 50ம், அது 275க்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நினைத்தால் கதை முடிந்தது. போதாததற்கு மடோபார் 125 என்று இன்னொன்று இருக்கிறது, அதில் கார்பிடோபாவே கிடையாது, பென்செராசைடு. எல்லாமே லெவோடோபா 100 என்று ஒரு புதுப் பையன் எடுத்துக் கொடுத்துவிட எத்தனை நேரமாகும்?

உங்கள் அப்பா சாப்பிட்டது பிளஸ், அதாவது 100ம் 25ம். புது அட்டையை எடுத்து, பொடி எழுத்தில் இரண்டு மருந்துக்கும் நேராக என்ன எண் இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். எனக்குச் சந்தேகம் ஒன்று இருக்கிறது, பார்த்த பிறகு சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

ஐயா, இப்போதுதான் பார்த்தேன். புது அட்டையில் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி. என்று இருக்கிறது. பழைய காலி அட்டை ஒன்று அலமாரியில் கிடந்தது, அதில் 100, 25. இத்தனை நாள் இரண்டிலும் 100 என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுதான் என்று இருந்திருக்கிறேன். சீட்டில் டாக்டர் வெறுமனே சின்டோபா என்று எழுதி ஒரு கூட்டல் குறி போட்டிருக்கிறார், கடைப் பையன் அதைக் கோடு என்று நினைத்துவிட்டானா தெரியவில்லை.

பழைய மருந்தாளுநர்:

அதேதான். நான்கு வேளைக்குக் கார்பிடோபா முன்பு 100 மி.கி. போய்க்கொண்டிருந்தது, இப்போது 40. காவலுக்கு ஆள் பாதிக்கும் கீழே. வயிறு புரட்டுவதும் மாத்திரை சீக்கிரம் தீர்ந்துபோவதும் அதிலேயே அடங்கிவிடும். இதில் ஜெனரிக்கின் குற்றம் எதுவும் இல்லை, பெயர் பெற்ற கம்பெனியின் 110ஐக் கொடுத்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்.

மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். இரண்டு அட்டையையும் படம் எடுத்து இன்றைக்கே டாக்டரின் எண்ணுக்கு அனுப்புங்கள், அளவு மாறிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் உடனே பதில் வரும். அதுவரை, குறைச்சலாக இருக்கிறதே என்று இரண்டு இரண்டாகப் போட்டுவிடாதீர்கள், லெவோடோபாவும் இரண்டு மடங்காகிவிடும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லெவோடோபா கார்பிடோபா அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, உச்சவிலையை அரசு கட்டியிருக்கிறது. அதனால் இந்த ஒரு மாத்திரையில் நீங்கள் பெரிதாக மிச்சம் பிடித்திருக்க முடியாது. பில் குறைந்தது மற்ற இரண்டினால்தான் இருக்கும். ஜெனரிக்கில் உண்மையாகக் காசு நிற்கிற இடம் ரசாஜிலின், பிரமிபெக்ஸோல், என்டகபோன் மாதிரி ஆட்கள். மக்கள் மருந்தகம் ஆகட்டும், 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஆயிரம் கடையோடு தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகட்டும், போகும்போது சீட்டோடு பழைய அட்டையையும் கையில் கொண்டு போங்கள். அட்டைக்கு அட்டை வைத்துப் பார்த்து வாங்குங்கள். பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நாகலூர் அக்கா:

தம்பி, ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு 74 வயது, எட்டு வருஷமாக இதே நோய். அளவு விஷயத்தை ஐயா சொல்லிவிட்டார், நான் சொல்ல வந்தது அந்தக் குமட்டலைப் பற்றி, தயவு செய்து அவசரமாகப் படியுங்கள்.

அப்பாவுக்கு வாந்தி நிற்க ஏதாவது மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களா? எங்கள் அத்தைக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு ராத்திரி வாந்தி நிற்கவில்லை. இங்கேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம், பார்க்கின்சன் என்று நான் சொன்னேன், அவசரத்தில் அவர்கள் காதில் விழவில்லையோ என்னவோ, ஊசி ஒன்று போட்டார்கள். காலையில் அத்தை படுக்கையில் இருந்து திரும்பக்கூட முடியாமல், கண் இமைக்காமல், பேச்சு குழறி, நாங்கள் பக்கவாதம் என்றே நினைத்துவிட்டோம். அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் அழுதுகொண்டே இறங்கினேன். கீழே டாக்டர் ஊசியின் பெயரைக் கேட்டதும் தலையில் கை வைத்தார், மெட்டோகுளோப்ரமைடு. அது மூளைக்குள் போய் டோபமின் வேலை செய்கிற இடத்தையே அடைத்துவிடுமாம், நாம் மாத்திரை கொடுத்து எதைத் திறக்கிறோமோ அதை. தலைசுற்றலுக்குக் கொடுக்கிற ஸ்டெமெட்டிலும் அதே வகை. டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போகாது என்பதால் பார்க்கின்சன்காரர்களுக்கு அதைத்தான் தருகிறார்கள், அதையும் இதயத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால்தான். அன்றிலிருந்து அத்தையின் பையில் இந்த மருந்துகள் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

ஜெனரிக் விஷயத்துக்கு வருகிறேன். மேலே மலையில் எந்தக் கம்பெனி சரக்கு இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று, மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அத்தைக்கு ஒவ்வொரு முறை மாத்திரை மாறும்போதும் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்காது, நானும் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மகள், கணக்கு எழுதிப் பாரும்மா என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது கை கால் இளகியது, எப்போது இறுகியது, அவ்வளவுதான் எழுதினேன்.

ஒரு மாதம் எழுதியதில் கம்பெனி மாறினதை விடப் பெரிய எதிரி வேறு எங்கோ இருந்தது. காலையில் சத்தாக இருக்கட்டும் என்று ஒரு டம்ளர் பாலும் இரண்டு முட்டையும் கொடுத்து, கையோடு மாத்திரையையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். புரதத்தில் இருந்து வருகிற அமினோ அமிலமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகுமாம், மூளை வாசலிலும் அப்படித்தானாம், முட்டை முந்திக்கொண்டால் மாத்திரை வெளியே நிற்கும். ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வேறு, அதையும் ஒரே வாயில் போட்டுவிடுவார், அது லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில். முட்டையும் பருப்பும் ராத்திரிக்குப் போய்விட்டது. இரும்பு மாத்திரை மதியம், இதற்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு. பாதிப் பிரச்சனை போய்விட்டது.

மீதிப் பாதி போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை மாறுகிற வாரம் கொஞ்சம் தடுமாற்றம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அதனால் நான் இப்போது செய்வது, ஜெனரிக்கோ பேர் போட்டதோ, ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மொத்தமாகக் கீழே சேலத்தில் வாங்கி வந்துவிடுவது. மிளகு போட இறங்குகிற நாளில் மருந்தும் வாங்கிவிடுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

அக்கா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. நேற்று ராத்திரி அம்மா தெருமுனைக் கடையில் வாந்தி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே மெட்டோகுளோப்ரமைடு. குப்பையில் போட்டுவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை, நன்றி அக்கா.

உருக்காலை ஓய்வு:

நான் நோயாளியே. வயது 66, உருக்காலையில் இருந்து ஓய்வு பெற்றவன், பதினோராவது வருஷம் நடக்கிறது. இதைக் குரல்வழித் தட்டச்சில் சொல்லி எழுதுகிறேன், என் குரலும் கம்மிவிட்டது, செல்போன் எதையாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையில் பாதி சுண்ணாம்பு என்று ஒரு தம்பி சொல்லியிருந்தார். ஜெனரிக்கில் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது என்று வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. அந்தப் பேச்சுக்கு மூலமான 80, 125 சதவீதம் என்ற எண்கள் வருவது வேறு இடத்தில். ஆரோக்கியமான சிலருக்கு மூல மாத்திரையை ஒரு முறையும் ஜெனரிக்கை ஒரு முறையும் கொடுத்து, மணிக்கு மணி ரத்தம் எடுத்து, எவ்வளவு உச்சம் தொட்டது, மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை, கணக்கில் வருகிற பிழைக்கு இடம் விட்டு ஒரு வீச்சாகப் போடுவார்கள். அந்த முழு வீச்சும் 80க்கும் 125க்கும் நடுவில் அடங்க வேண்டும். முழு வீச்சும் அடங்க வேண்டுமானால் நடுவில் இருக்கும் சராசரி 100க்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். தொழிற்சாலையில் தகட்டின் கனத்தை அளந்தவன் நான், அளவு விலக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், 20 சதவீதம் திருடலாம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். என்னைப் போல நாள்பட்டவர்களுக்கு அந்தச் சின்ன வித்தியாசமே தெரியும். லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆரம்ப வருஷங்களில் மூளையில் மிச்சமிருக்கிற செல்கள் அதைச் சேமித்து வைத்து மெதுவாகச் செலவழிக்கும், மாத்திரை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தெரியாது. வருஷம் ஆக ஆக அந்தச் சேமிப்புக் கிடங்கு காலியாகிவிடுகிறது, அன்றன்றைக்கு வருவதை அன்றன்றைக்கே சாப்பிடுகிற கூலி வாழ்க்கைதான். உச்சம் இருபது நிமிஷம் தள்ளிப் போனால் எனக்கு அது பஸ்ஸைத் தவறவிடுவது மாதிரி. மெதுவாகக் கரையும் சி.ஆர். வகையில் இது இன்னும் அதிகம், அது கரைகிற விதமே கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சி.ஆர். மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று நசுக்கிக் கொடுக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யவே கூடாது.

அப்புறம் மனசு. இதைச் சொன்னால் நோயாளிகளுக்கே கோபம் வரும், எனக்கும் வந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஒரு சோதனை செய்தார்கள், 2015இல் வெளியானது. பன்னிரண்டு பார்க்கின்சன் நோயாளிகள். புது ஊசி மருந்து இரண்டு, வேலை ஒன்றுதான், ஆனால் ஒன்று செய்ய 100 டாலர், இன்னொன்று 1,500 டாலர் என்று சொல்லிப் போட்டார்கள். விலை அதிகம் என்று சொன்ன ஊசி போட்டபோது கை கால் நன்றாக ஓடியது. இரண்டிலும் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். நம் நோயில் குறைவது டோபமின், நல்லது நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பே மூளையில் டோபமினைச் சுரக்க வைக்கும். அப்படியானால் இது மலிவு, டூப்ளிகேட் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினால்? நடிப்பு என்று சொல்லவில்லை. உடம்பில் நிஜமாகவே இறுகும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் மாற்றினேன். மஞ்சள் மாத்திரை நீலமாகிவிட்டது, பிடிக்கவே இல்லை. என் மனைவி ஒரு வேலை செய்தார், கம்பெனி தெரியாதபடி மாத்திரையை அவரே எடுத்து, கண்ணை மூடு என்று வாயில் போடுவார், இரண்டு வாரம், ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது, எந்த வாரம் எது என்று சொல்லமாட்டார். நான் எப்போது மாத்திரை பிடித்தது, எப்போது விட்டது என்று மட்டும் எழுதினேன். ரசாஜிலினில் எனக்கு எந்த வித்தியாசமும் பிடிபடவில்லை. சாதாரண லெவோடோபா மாத்திரையிலும் இல்லை. ராத்திரி சி.ஆர். மாத்திரையில் மட்டும் சரியாகச் சொன்னேன். டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன், சி.ஆர். மட்டும் பழைய கம்பெனியே இருக்கட்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

குகைப்பையன்:

சரி ஐயா, சுண்ணாம்பு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கொலுசுக்கார அண்ணா, மன்னிக்கவும். ஒரு கேள்வி, சேர்வராயன் மலையில் பூனைக்காலி விதை கிடைக்குமே, அதில் இந்த மருந்து இயற்கையாகவே இருக்கிறது என்கிறார்களே, அந்தப் பொடியைச் சாப்பிட்டால் இந்த பிராண்டு சண்டையே இல்லையே?

உருக்காலை ஓய்வு:

இருக்கிறது, கதை இல்லை. பூனைக்காலி விதையில் இருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் எழுதியவர்கள் சென்னையில் வேலை செய்த தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு பேர். பார்க்கின்சனுக்கு லெவோடோபா பயன்படும் என்று உலகம் கண்டுபிடித்தது அதற்கும் இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான். ஆனால் தம்பி, மேலே ஐயா சொன்ன காவல்காரன், கார்பிடோபா, விதையில் கிடையாது. ஒரு ஸ்பூன் பொடியில் எத்தனை மி.கி. என்று உனக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் மேலே இதையும் போட்டால் கை கால் தானாகப் பாம்பு மாதிரி நெளியும். எனக்கு மாத்திரை கூடிப்போன நாளில் அப்படி ஆகியிருக்கிறது, வேண்டாம்.

நாகலூர் அக்கா:

பூனைக்காலியைப் பறிக்கப் போய் அதன் சுணை பட்டு ஒரு வாரம் சொறிந்துகொண்டிருந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அதற்கே வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். படம் அனுப்பிய அன்றைக்கே டாக்டர் கூப்பிட்டுவிட்டார். அளவு தப்பு, 100ம் 25ம் உள்ளதையே உடனே தொடங்குங்கள் என்றார். பிராண்டு எழுதித் தரவா என்று கேட்டார், நான்தான் இங்கே படித்ததை எல்லாம் வைத்துக்கொண்டு, ஜெனரிக்கிலேயே சரியான அளவை ஒரு மாதம் பார்க்கலாமா என்றேன். சரி என்றார். புதுச் சீட்டில் லெவோடோபா 100, கார்பிடோபா 25 என்று முழுசாக எழுதிவிட்டார், கூட்டல் குறி இல்லை. அதே மலிவுக் கடைக்குப் போய் இரண்டு அட்டையையும் கண்ணாடி மேல் வைத்தேன். பையன் பாவம், பயந்துவிட்டான், மீதி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

குமட்டல் நான்காவது நாள் நின்றது. 11 மணி வரைக்கும் தாங்குகிறது, இரண்டு நாள் மட்டும் பத்தேகாலுக்கே விட்டுவிட்டது. அந்த இரண்டு நாளும் காலையில் பால் குடித்திருக்கிறார், அம்மா நோட்டு போட்டு எழுதுகிறார், அக்கா சொன்ன மாதிரியே.

அப்பா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பழையதுதான் மருந்து என்கிறார். ஆனால் ஒரு மாற்றம், வெள்ளியில் டச், அதாவது சுத்தம், பார்க்கிற பழைய பழக்கம் திரும்பிவிட்டது. பட்டறை லென்ஸை எடுத்து வரச் சொல்லி, நான் வாங்கி வருகிற ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, இரண்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் படித்துவிட்டுத்தான் டப்பாவில் போடவிடுகிறார். லென்ஸைப் பிடிக்கும்போது கை கொஞ்சம் ஆடுகிறது, அட்டையை மேஜைமேல் வைத்துப் படிக்கிறார்.

மருந்தாளுநர் ஐயாவிடம் கேட்கச் சொன்னார்: பனியன் கக்கத்தில் கறுப்புக் கறை விழுகிறது, இதுவும் இந்த மலிவு மாத்திரை வேலைதானே என்று.

பழைய மருந்தாளுநர்:

இல்லை என்று சொல்லுங்கள். லெவோடோபா எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வியர்வை, சிறுநீர், எச்சில் எல்லாம் சிவந்தோ பழுப்பாகவோ கறுத்தோ போகலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. பழைய பனியன்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதிலும் இருக்கும். சோப்புக்குப் போகாது, அடுத்த முறை கறுப்பு பனியனாக வாங்கிவிடுங்கள்.